அதிகாலை டீயும் சிவப்பு மாத்திரையும்

கேள்வி:

டாக்டரம்மா, எனக்கு வயது 34. ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். பட்டாசு ஆலையில் கம்பி மத்தாப்புப் பிரிவில் வேலை. காய்ந்த கம்பிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்க வேண்டும், பெட்டிக் கணக்குக்குத்தான் கூலி. நாலு மாதமாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்து எழுந்தால் கிறுகிறுவென்று வருகிறது. ஊருக்கு வந்த முகாமில் ரத்தம் பார்த்து ஹீமோகுளோபின் 8.6 என்றார்கள். தினம் இரண்டு இரும்புச்சத்து மாத்திரை, மூன்று மாதம் போடச் சொன்னார்கள். கூடவே கால்சியம் மாத்திரையும் தந்தார்கள்.

காலையில் ஆலை வண்டி ஆறரைக்கு வந்துவிடும். அதனால் டீ குடிக்கும்போதே எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிடுவேன். குமட்டல், நெஞ்செரிச்சல். மெடிக்கலில் கேட்டு கேஸ் மாத்திரை வாங்கி அதையும் சேர்த்துக்கொண்டேன். மலம் கறுப்பாகப் போகிறது. "ஈரல் கெட்டுப்போச்சு, அந்த மாத்திரையைத் தூக்கிப் போடு" என்கிறார் அத்தை. ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பப் பார்த்ததில் 8.9தான். இவ்வளவு சிரமப்பட்டும் இவ்வளவுதானா? ஊசி போட்டுக்கொள்ளலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும்: நாள் முழுக்க இரும்புத் தூள் கலந்த மத்தாப்பைத்தானே தொட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு எப்படி இரும்பு குறையும்?

என் சின்ன மகனுக்கு 3 வயது. மாத்திரையைப் பார்த்து "சிவப்பு மிட்டாய் தா" என்று அழுகிறான். இதைப் படித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்.

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் நாளைக்குக்கூடச் செய்யலாம். அந்த மாத்திரை அட்டைகளை இன்றைக்கே பூட்டுள்ள பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ வையுங்கள். சாமி படத்துக்குப் பின்னால், டிவி மேல், அரிசிப் பானைக்குள் என்று நம் வீடுகளில் வைக்கும் இடங்கள் எதுவும் மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டாத இடம் அல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற வயது அது.

கணக்கைச் சொன்னால் புரியும். அரசு தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை சுமார் 12 கிலோ இருப்பான். நாலு மாத்திரை உள்ளே போனாலே அவனுக்கு நஞ்சின் அறிகுறி தெரியத் தொடங்கலாம். பன்னிரண்டு போனால் உயிருக்கே ஆபத்து. இதில் மிகக் கொடுமையானது நடுவில் வரும் தெளிவு. முதல் சில மணி நேரம் வாந்தி, வயிற்றுவலி, பேதி இருக்கும். பிறகு பிள்ளை தேறிவிட்டதுபோல் விளையாடுவான். பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். அதற்கடுத்துத்தான் ஈரல் பழுதாகும், ரத்த அழுத்தம் விழும். ஆகவே ஒரு மாத்திரை குறைந்திருக்கிறது, அவன் வாய் சிவந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காலி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மாத்திரை போயிருக்கும் என்று மருத்துவர் அதை வைத்துத்தான் கணிப்பார். "மிட்டாய்" என்ற சொல்லை அந்த மாத்திரைக்கு வீட்டில் யாரும் வேடிக்கையாகக்கூடச் சொல்ல வேண்டாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

இரும்புத் தூளுக்கு நடுவில் இருக்கும் எனக்கு எப்படி இரும்பு குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. மத்தாப்பில் பொன்னிறப் பொறி தெறிப்பது இரும்புத் தூள் காற்றில் எரிவதால். அந்தத் தூள் மூக்கு வழியாகப் போனால் நுரையீரலில் படிந்து கிடக்கும், ரத்தமாக மாறாது. கையில் ஒட்டியது வாய்க்குள் போனாலும், அது தனியாகப் போவதில்லை. அலுமினியப் பொடி, பேரியம் உப்பு என்று மற்றவற்றையும் கூட்டிக்கொண்டுதான் போகும். அதில் சத்தைத் தேடக் கூடாது.

இந்த வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, வேலை முடிந்து நேராக வந்த ஒரு பெண்ணின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். ரத்த சோகை இருந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். அவர் கையிலோ அலுமினியப் பொடி ரேகைக்கு ரேகை ஏறி வெள்ளிபோல் மின்னியது, எதையும் படிக்க முடியவில்லை. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிய பிறகும் நகக்கண்ணில் சாம்பல் நிறம் போகவில்லை. கடைசியில் கீழ் இமையை இழுத்துப் பார்த்துத்தான் வெளுப்பு தெரிந்தது. அந்தக் கையோடுதான் அவர் மதியம் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டிருக்கிறார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் இரும்புக்காக வாசலை அகலத் திறந்து வைக்கும். அதே வாசல் வழியாக ஈயமும் நுழையும். இரும்பு உள்ளவர்களைவிட இரும்பு இல்லாதவர்கள் உடம்பில் ஈயம் அதிகம் சேரும், சேர்ந்த ஈயம் ரத்தம் ஊறுவதையும் கெடுக்கும். பட்டாசில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் எதுவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே உத்தரவிட்டிருக்கிறது. என்றாலும் எந்த மருந்துக் கலவையில் என்ன இருக்கிறது என்று அடுக்குகிற உங்களுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். வேலைச் சேலையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். ஆலையில் சோப்பு இல்லையென்றால் கேளுங்கள். அது கேட்டு வாங்க வேண்டிய உரிமை.

அடுத்து, 8.6 ஏன் 8.9-லேயே நின்றது?

உங்கள் உடம்பில் இப்போது குறைவது ஏறக்குறைய ஒரு கிராம் இரும்பு. சின்ன ஆணி ஒன்றின் எடை, அவ்வளவுதான். ஆனால் குடல் அதை ஒரே நாளில் வாங்காது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு நாளைக்குப் பத்து மில்லிகிராம் ரத்தத்தில் சேர்ந்தாலே நல்ல வரவு. பத்துப் பத்தாக ஆயிரம் சேர நூறு நாள். மூன்று மாதம் என்று முகாமில் சொன்னதன் கணக்கு இதுதான். நீங்களோ ஒன்றரை மாதமாக அந்தப் பத்தையும் உள்ளே விடவில்லை.

டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குடலோடு வெளியே போய்விடும். காபியும் அப்படித்தான், பாலும் ஓரளவு தடுக்கும். கால்சியம் மாத்திரை இரும்போடு மோதும். இரும்பு கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், அந்த அமிலத்தையே கேஸ் மாத்திரை அடக்கிவிடுகிறது. காலை ஆறு மணிக்கு ஒரே வாயில், மருந்தையும் அதை மறிக்கிற மூன்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறீர்கள். உங்கள் தவறு ஒன்றுமில்லை. முகாமில் மாத்திரையைக் கையில் கொடுத்தவர்கள் எதோடு, எப்போது என்று சொல்லியிருக்க வேண்டும். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அந்த இரண்டு நிமிடம்தான் முதலில் காணாமல் போகிறது. எனக்கு ஆற்றாமை தரும் விஷயம் அது.

ஆறரை வண்டியைப் பிடிக்கிற உங்களுக்கு இரவுதான் தோதான நேரம். எட்டு மணிக்குச் சாப்பிட்டால் பத்து மணிக்கு, ஒரு முழுச் சொம்புத் தண்ணீரோடு ஒரு மாத்திரை. விழுங்கியதும் படுத்துவிடாதீர்கள், அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகும், நெஞ்செரிச்சல் கூடும். தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் நல்லது, அதற்காக வைட்டமின் சி மாத்திரை தனியாக வாங்க வேண்டாம். ஷாங்காயில் 440 நோயாளிகளிடம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில், இரும்பு மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் வைட்டமின் சி சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கும் ரத்தம் ஒரே அளவில்தான் ஏறியது. அந்தக் காசுக்குக் கொய்யாப்பழம் வாங்கினால் பிள்ளைகளும் தின்பார்கள்.

கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். காலை டீயைக் குடியுங்கள், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. சாப்பாட்டோடு மட்டும் வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளி. கேஸ் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட்டதை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே புண் இருந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்றால் மட்டும் அவரைக் கேட்டுச் செய்யுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இரும்புக்கும் நாலு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

"தினம் இரண்டு சொன்னார்களே, நீங்கள் ஒன்று என்கிறீர்களே?" என்று கேட்பீர்கள். ரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தில், உங்கள் அளவு சோகைக்குத் தினம் இரண்டு மாத்திரை என்பதுதான் அரசின் வழிகாட்டல். தாங்குகிறவர்கள் அப்படியே போடலாம். தாங்க முடியாமல் மொத்தமாகத் தூக்கிப் போடுகிறவர்களுக்காக ஒரு விஷயம் சொல்கிறேன்.

உங்கள் ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்துதான் என்று விதி உண்டல்லவா? மிஞ்சினால் ஆபத்து என்பதால் அந்த விதி. உடம்பும் இரும்புக்கு அதே மாதிரி ஒரு விதி வைத்திருக்கிறது. மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடம்பில் தனி வழி கிடையாது, அதனால் உள்ளே விடும்போதே கணக்குப் பார்க்கும். ஒரு மாத்திரை போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரந்து குடலின் கதவைச் சாத்தச் சொல்லும். சுமார் 24 மணி நேரம் கதவு பாதி சாத்தியே இருக்கும். அந்த நேரத்துக்குள் போடும் அடுத்த மாத்திரையில் பெரும்பகுதி குடலிலேயே தங்கிக் குமட்டலும் மலச்சிக்கலும் தரும். சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகர ஆய்வாளர்கள் 2017-ல் இரும்பு குறைந்த இளம்பெண்களிடம் இதை அளந்து பார்த்தார்கள். தினம் போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு ரத்தத்தில் சேர்ந்தது.

ஆகவே முதல் இரண்டு வாரம் இரவில் தினம் ஒன்று போடுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் உங்கள் ஊர்ச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லிவிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு இட்லிக்குப் பிறகு போடுங்கள். இரும்பு கொஞ்சம் குறைவாகச் சேரும், ஆனால் நிறுத்திவிட்டால் ஒன்றுமே சேராதே. மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கொய்யாவும் கீரையும். கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று ஆலையில் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். இந்த மாத்திரை போடும் மாதங்களில் அப்படி இருக்காதீர்கள்.

அத்தைக்குச் சொல்லுங்கள்: குடலில் சேராமல் மிஞ்சிய இரும்புதான் மலத்தில் கறுப்பாகப் போகிறது, ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தார்போல் பிசுபிசுவென்று ஒட்டி, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது வேறு. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று பொருள், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பெட்டிக் கணக்குக்கு வேலை செய்கிறவர்கள் தோள்வலி, இடுப்புவலிக்கு வாரக்கணக்கில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதுண்டு. வயிற்றில் புண் வந்து ரத்தம் கசிய அது ஒரு காரணம்.

இங்கே உங்களிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. மாதவிலக்கு எத்தனை நாள்? ஏழு நாளைத் தாண்டுகிறதா? ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், மாத்திரை மட்டும் போதாது. ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற கதை ஆகிவிடும். 30 வயதைத் தாண்டிய பெண்களில் கர்ப்பப்பைக் கட்டியும் தைராய்டு கோளாறும் இதற்குச் சாதாரணமான காரணங்கள், இரண்டையும் கண்டுபிடிப்பது எளிது. சிவகாசியில் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்" என்று சொல்கிற வாயை நம்பி ஐந்து வருடம் ரத்தத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூலத்தில் ரத்தம் போனாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பூச்சி மருந்து எப்போது சாப்பிட்டீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரை, சுகாதார நிலையத்தில் இலவசம். கர்ப்பமாக இல்லை என்று உறுதி செய்துகொண்டு போடுங்கள்.

ஊசி விஷயம். இரும்பு ஊசி நல்ல மருந்துதான். குடலில் மாத்திரை சேராதவர்களுக்கும், பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும், அதிகம் ரத்தம் இழப்பவர்களுக்கும் மருத்துவமனையில் படுக்க வைத்து, சலைனோடு சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை வரும் என்பதால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். "ஒரு ஊசியில் ரத்தம் ஊறிடும்" என்று வீதி முனையில் யாராவது சொன்னால் கையை நீட்டாதீர்கள். உங்களுக்கு இப்போது ஊசி தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. மாத்திரையை இன்னும் ஒழுங்காகச் சாப்பிட்டே பார்க்கவில்லையே. ஆனால் நீங்கள் நிற்பது 8.9-இல். 8-க்குக் கீழே போனால் கடுமையான சோகை என்று கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கால் வீங்கினாலோ எந்தக் கணக்கும் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அத்தை கேட்பார். முருங்கைக்கீரை, கம்பங்கூழ் எல்லாம் நல்லதுதான். கரிசல் மண்ணில் விளைந்த கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. ஆனால் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. கூழோடு ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டால் கூடும். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் எளிதாகச் சேரும், வாரம் ஒருமுறை போதும். சமையலை இரும்புச் சட்டிக்கு மாற்றினால் புளிக்குழம்பிலேயே கொஞ்சம் இரும்பு இறங்கும். இவை எல்லாம் ஏறிய ரத்தம் மறுபடி இறங்காமல் காக்கும். 8.9-ஐ 12-க்குக் கொண்டுபோக மாத்திரைதான் வேண்டும். சித்த மருத்துவத்தின் அன்னபேதிச் செந்தூரமும் இரும்பு மருந்துதான், அன்னபேதி என்பதே இரும்பின் ஓர் உப்பு. யாராவது அதைக் கொடுத்தால் இதோடு சேர்த்துப் போடாதீர்கள். இரண்டு மருத்துவரிடமும் இரண்டையும் சொல்லி, ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்கும் அசதி என்று உங்கள் அட்டையிலிருந்து எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். ஆண்களுக்கு இரும்பு குறைந்தால் எங்கிருந்து ரத்தம் போகிறது என்று தேட வேண்டும். குறையாதவர் போட்டால் மிச்சம் ஈரலில் சேரும்.

இரவு மாத்திரையைத் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நாலு வாரம் கழித்து அதே இடத்தில் ரத்தம் பாருங்கள். ஒரு புள்ளியாவது ஏறி 9.9-ஐத் தொட்டிருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். 12 வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் நிறைந்தாலும் உடம்பின் சேமிப்பு காலியாகவே இருக்கும், அதற்கு மேலும் மூன்று மாதம் வேண்டும். பாதியில் விட்டவர்களைத்தான் அடுத்த வருட முகாமில் அதே 8.6-இல் பார்க்கிறேன். நாலு வாரத்தில் ஏறவே இல்லை என்றால் மாத்திரையைக் கூட்ட வேண்டாம். ஃபெரிட்டின், பி12, தலசீமியா கூறு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, இந்த மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். தலசீமியா கூறு உள்ளவர்களுக்கும் ரத்த அளவு குறைவாகக் காட்டும். அது மட்டுமே காரணம் என்றால் எத்தனை இரும்பு போட்டாலும் ஏறாது.

அந்தப் பரிசோதனைத் தாளோடு மறுபடி எனக்கு எழுதுங்கள். மாதவிலக்கைப் பற்றி நான் கேட்டதற்கும் அதில் பதில் இருக்கட்டும்.